ஓரினுக்குக் குறைந்த மூன்று அடி

"லீக் சராசரிக்குக் கீழே அடிச்சவன் பேரு அந்தப் பலகையிலே ஏறவே கூடாது!"

இதைச் சொல்லிவிட்டு ஓரின் ஹோக்லண்ட் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தேவாலயத்தின் கீழறையில் கிடக்கிற மடக்கு மேசை அது. ஒரு கால் பட்டென்று மடங்கியது. ஐந்து கோப்பைக் காபியும் கமிட்டித் தலைவி பெர்னிஸ் அம்மாவின் மடியைப் பார்த்துப் புறப்பட்டன. ஆவேசம் என்றால் அப்படி ஓர் ஆவேசம்.

ஹார்லோ பெண்ட் ஊரில் புது பேஸ்பால் மைதானம் போட்டு முடித்திருந்தார்கள். ஜூலை நான்காம் தேதி திறப்பு விழா. வாசலில் ஒரு பலகை வைத்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊருக்காக ஆடிய மில்லர்ஸ் அணிக்காரர்களின் பெயரை அதில் செதுக்குவதாக ஏற்பாடு. யார் யார் பெயர் என்று முடிவு செய்யத்தான் அன்றைய கூட்டம்.

"எல்லார் பேரையும் போட்டுருவோமே" என்று மெர்ல் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

மெர்ல் ஓரினுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்கே முடி வெட்டுகிறவர். அந்தக் காலத்தில் ஓரினோடு ஒரே அணியில் ஆடியவர். அவருடைய கடை நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஓரின் தன் பழைய பெருமையை ஆரம்பிப்பார். மெர்ல் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "அப்படியா?" என்பார். ஒரு வார்த்தைதான். வரிசையில் காத்திருக்கிற ஏழு பேரும் சிரிப்பார்கள். முப்பது வருஷமாக இந்த "அப்படியா" ஓரினின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பேஸ்பாலில் ஒருத்தனுடைய லாயக்கு என்ன என்று கேட்டால் ஓர் எண்ணைத்தான் சொல்வார்கள். ஆயிரம் தடவை மட்டையோடு நின்றால் எத்தனை தடவை ஒழுங்காக அடித்து ஓடிச் சேர்ந்தான் என்பதுதான் அது. முன்னூறு என்றால் ராஜா. இருநூறு என்றால் வீட்டுக்குப் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஓரின் தன்னை முன்னூறு என்று சொல்லிக்கொள்வார். மெர்லை அவர் மனசுக்குள் இருநூற்றுப் பதினைந்துக்கு மேல் ஏற்றியதே இல்லை.

"எல்லார் பேரையும் போட்டா அதுக்குப் பேரு பலகை இல்லே, டெலிபோன் டைரக்டரி" என்றார் ஓரின். "நாம ஆடின வருஷமெல்லாம் லீக்கிலே இருந்த எட்டு அணிக்காரங்களும் சேர்ந்து சராசரியா என்ன அடிச்சாங்களோ, அதுக்குக் குறையாம அடிச்சவன் பேரு மட்டும்தான். விதின்னா விதி."

மெர்ல் தலையைச் சாய்த்து, "அப்படியா?" என்றார்.

அதற்காகவே ஓட்டெடுப்பு வைக்கச் சொன்னார் ஓரின். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் விதி நிறைவேறியது. பெர்னிஸ் பாவாடையில் கொட்டிய காபியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரி, இந்த எண்ணெல்லாம் யாருகிட்ட இருக்கு?"

"எங்க வீட்டிலேதான்" என்று ஓரின் நெஞ்சை நிமிர்த்தினார். "ஸ்கோர் எழுதினது என் பெண்டாட்டியாச்சே!"

"அப்போ அடுத்த வியாழக்கிழமை கொண்டு வந்துடுங்க."

ஓரினின் மனைவி வெல்மாவின் அப்பா அந்நாளில் ஊர்ப் பத்திரிகை நடத்தினார். பத்தொன்பது வயதில் மகள் கையில் பென்சிலைக் கொடுத்து ஆட்டத்துக்கு அனுப்பினார். உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் எல்லாவற்றுக்கும் அவள்தான் அதிகாரபூர்வமாக ஸ்கோர் எழுதியவள். நாலு வருஷம், நாலு தடிப் புத்தகம். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் அந்த வருஷத்து லீக் மொத்தக் கணக்குத் தாளை ஒட்டி வைத்திருந்தாள்.

ஓரின் வீட்டுக்கு வந்தபோது வெல்மா அடுக்களை மேசையில் செர்ரிப் பழத்தைக் குவித்துவைத்து, கொண்டை ஊசியால் கொட்டையை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெல்மா, இன்னிக்கு மெர்லுக்கு வெச்சேன் பாரு ஒரு ஆப்பு!"

"அவன் என்ன பண்ணினான் பாவம்?"

ஓரின் சொன்னார். குத்து விட்டது முதல் ஓட்டெடுப்பு வரை. காபியை மட்டும் விட்டுவிட்டார்.

"இந்த விதியைக் கொண்டு வந்தது நீயா?"

"நானேதான்."

"நீ எவ்வளவு அடிச்சேன்னு சொன்னே?"

"முன்னூறு! உனக்குத் தெரியாதா?"

"ஓ" என்றாள் வெல்மா.

"என்ன 'ஓ'?"

"ஒண்ணுமில்லே. சும்மா ஒரு 'ஓ'. ஸ்கோர் புஸ்தகப் பொட்டி நிலவறையிலே இருக்கு, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாலே. கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை முழுக்க ஓரின் தீவனக் கடையைத் திறக்கவில்லை. மூட்டைக் காகிதத்தைக் கிழித்து மேசையில் விரித்து, நாலு வருஷத்தையும் கூட்டினார். மட்டையோடு நின்றது ஆயிரத்து நூற்று இருபது தடவை. அடித்தது முன்னூறு. ஆயிரத்துக்கு 268.

பின்னட்டைத் தாள்களையும் கூட்டினார். அந்த நாலு வருஷத்து லீக் சராசரி 271.

தப்பாகக் கூட்டியிருப்போம் என்று மறுபடி கூட்டினார். 268. கீழேயிருந்து மேலே கூட்டினார். அப்போதும் 268. ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து கூட்டினார். எண்ணுக்கு மோரெல்லாம் தெரியாது. மூன்றே மூன்று அடி கூடியிருந்தால் 271. நாலு வருஷத்தில் மூன்று அடி! தான் வைத்த ஆப்பு எங்கே போய் ஏறுகிறது என்று ஓரினுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது.

"வெல்மா, ஒரு நாளு காய்ச்சலோட ஆடினேனே, ஞாபகம் இருக்கா? நாலு தடவை நின்னு ஒண்ணு கூட அடிக்கலே."

"இருக்கு."

"அதைச் சேக்கிறது நியாயமில்லே." அதைக் கழித்தார். 269. "இன்னொரு நாள் பல்வலி. கன்னம் பூசணிக்காய் மாதிரி." கழித்தார். 270. "அப்புறம் புது ஷூ கடிச்ச அன்னிக்கு..." கழித்தார். 271! துள்ளி எழுந்தார்.

வெல்மா கொண்டை ஊசியைக் கீழே வைத்தாள். "லீக்கிலே மத்த அணிக்காரன் ஒருத்தனுக்குக் கூடப் பல்லு வலிச்சதே இல்லையா ஓரின்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அவன் பல்வலி எல்லாம் சேர்ந்துதான் அந்த 271. நீ உன் பல்லை மட்டும் பிடுங்கினா எப்படி?"

ஓரின் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நினைத்துப் பாருங்கள். பலகையில் பெயர் இல்லை என்றால், ஜூலை நான்காம் தேதி ஊரே கூடி நிற்கும்போது ஓரின் எங்கே நிற்பார்? அது போகட்டும், அடுத்த வாரம் முடி வெட்டிக்கொள்ள எங்கே போவார்? அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வரப்போகிற "அப்படியா"வை நினைத்தபோதே அவருக்குப் பின்கழுத்து கூசியது.

மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். இந்தத் தடவை கூட்டவில்லை. ஒவ்வோர் ஆட்டமாகப் படித்தார். ஐம்பதாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்துக்கு வந்தபோது விரல் நின்றது.

எல்க் க்ரீக் அணியோடு ஆட்டம். அன்றைக்கு அவர் அடித்த அடி அவர் உயிரோடு இருக்கும்வரை மறக்காது. பந்து இடி மாதிரிப் போய், மூன்றாம் பேஸைக் காத்து நின்றவனுடைய கையுறையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அவன் இன்னும் கையை உதறிக்கொண்டுதான் இருப்பான். புத்தகத்தில் அது "பிழை" என்று இருந்தது.

இந்தச் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடித்த பந்தைத் தடுக்கிறவன் கோட்டை விடுகிறான், அடித்தவன் ஓடிச் சேர்ந்துவிடுகிறான் என்று வையுங்கள். அது இவன் சாமர்த்தியமா, அவன் பிழையா? அதைத் தீர்மானிப்பது ஸ்கோர் எழுதுகிறவர். "அடி" என்று எழுதினால் சராசரி ஏறும், "பிழை" என்று எழுதினால் இறங்கும். மேல்கோர்ட்டு கிடையாது. எழுதின கை தானே திருத்தினால்தான் உண்டு.

ஓரின் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த ஆட்டத்திலும் ஒரு பிழை. அதற்கடுத்ததில் இரண்டு. பதினைந்து நாளில் ஏழு! ஏழும் நல்ல சுத்தமான அடிகள். ஏழும் வெல்மாவின் அழகான குண்டுக் கையெழுத்தில் பிழையாகக் கிடந்தன.

"ஹா!" என்று கத்தினார். மூன்று வேண்டிய இடத்தில் ஏழு! திருத்தினால் 274. பலகையில் பெயர். மெர்லின் வாயில் பூட்டு.

ஆனால் திருத்த வேண்டியவள் வெல்மா. அவளிடம் போய், "நீ தப்பா எழுதியிருக்கே" என்று சொல்லலாமா? முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை ஓரின் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜாடி ஊறுகாயும் ரொட்டியும்தான் சாப்பிட்டார். ஆகவே ஒரு திட்டம் போட்டார். முதலில் அவள் மனசைக் குளிர வைக்க வேண்டும். அப்புறம் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். வெல்மா ஒன்றும் கேட்கவில்லை. துவைத்த துணியைக் கொடியில் போட்டார். கூரையோரத் தகரத்தில் அடைந்து கிடந்த இலையையெல்லாம் ஏணி போட்டு ஏறி அள்ளினார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெர்ல் பார்த்தார். "என்னடா ஓரின், ஏணியிலே? எதையாவது உடைச்சுட்டியா?"

"என் வீட்டுக் கூரை, என் ஏணி. உனக்கென்ன?"

"இல்லே, நல்லா இருக்கு. வெல்மா உன்னை இன்னும் வெச்சிருக்காளேன்னு பாத்தேன்."

"மெர்ல்! வியாழக்கிழமை வரைக்கும் சிரிச்சுக்கோ!"

"அப்படியா?"

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வரும்போது, "கண்ணு, அந்த நீலத் தொப்பியிலே நீ இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார்.

"இது பச்சைத் தொப்பி" என்றாள் வெல்மா.

திங்கட்கிழமை வலைக்கதவைச் சரி செய்தார். இரண்டு வருஷமாக ஒற்றைக் கீலில் தொங்கி, காற்றடித்தால் கிழவி மாதிரி முனகிக்கொண்டிருந்த கதவு அது. செவ்வாய்க்கிழமை அவளை மீன் வறுவல் சாப்பிட வெளியே அழைத்துப் போனார். புதன்கிழமை மத்தியானம், அவள் சாவகாசமாக உட்கார்ந்து காபியை ஆற்றும் நேரம் பார்த்து, புத்தகத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

"வெல்மா... இந்த ஆகஸ்ட் மாசத்தைக் கொஞ்சம் பாரேன்."

"அந்த ஏழுதானே?"

"உனக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே நீ 'ஹா!'ன்னு கத்தினது மேல் மாடி வரைக்கும் கேட்டுச்சு."

"அப்போ ஏன் இத்தனை நாளா ஒண்ணும் சொல்லலே?"

"வலைக்கதவு முடியட்டும்னு இருந்தேன்."

ஓரின் அதை விழுங்கிக்கொண்டார். "சரி. அந்த ஏழும் அடிதானே? நீயே சொல்லு. எல்க் க்ரீக்காரன் கையுறை பறந்துதே!"

"பறந்துது. அடிதான். நான்தான் பிழைன்னு போட்டேன்."

இத்தனை சுலபமாக வெல்வோம் என்று ஓரின் எதிர்பார்க்கவில்லை. வெல்மா பென்சிலைக் கூர் சீவினாள். ஏழையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஓரின் பக்கத்தில் நின்று 268, 269 என்று ஏலம் போடுகிறவன் மாதிரிக் கூவிக்கொண்டே வந்தார். "இருநூத்தி எழுபத்தி நாலு! வெல்மா, உன் கைக்குத் தங்கத்திலே..."

"இரு, இன்னும் முடியலே" என்று வெல்மா நாற்பத்தெட்டாம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்தாள். "திருத்தறதுன்னு உக்காந்தா ரெண்டு பக்கமும் திருத்தணும். மே மாசம் பதினாறு. நீ தட்டினது உருண்டு போச்சு. நடுவிலே நின்னவன் காலுக்குள்ளே விட்டுட்டான். எங்கப்பா வளத்த வாத்து கூட அதைப் புடிச்சிருக்கும். நான் அடின்னு போட்டேன்." பென்சில் ஓடியது. "பிழை."

"ஏய்!"

"மே இருபத்தி மூணு. அந்த ஆளு வெயில் கண்ணிலே பட்டுப் பந்தைத் தலையிலே வாங்கினான். அதுவும் பிழை."

"வெல்மா, தலையிலே வாங்கினா அது அடிதானே?"

"அது அவனுக்கு அடி, உனக்கு இல்லே. ஜூன் ஆறு. ஜூன் எட்டு. இங்கே ஒரே ஆட்டத்திலே ரெண்டு..."

274 இறங்க ஆரம்பித்தது. 271-க்கு வந்தது. 268-ஐத் தாண்டிக் கீழே போனது. பன்னிரண்டைத் திருத்தி அவள் நிறுத்தியபோது 263.

"நிறுத்து! போதும்! இன்னும் விட்டா நான் பொறக்கவே இல்லேன்னு எழுதிருவே போல!" ஓரின் புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்துகொண்டார். "எதுக்கு இப்படிப் பண்ணினே? முதல்ல எதுக்குக் கூட்டிப் போட்டே, அப்புறம் எதுக்குக் குறைச்சுப் போட்டே?"

வெல்மா காபியை ஒரு வாய் குடித்தாள்.

"நாப்பத்தி எட்டிலே நீ வந்து ஒரு மாசம். இருநூறு கூட அடிக்கலே. உன்னை அனுப்பிடப் போறாங்கன்னு அப்பா சொன்னார். நீ ஒல்லியா, வெறும் கழுத்தும் காதுமா, துவைச்ச சட்டையை ஒழுங்கா உள்ளே கூடச் செருகத் தெரியாம நின்னே. ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவாங்க. நீ மட்டும் நான் உக்காந்த பெஞ்சைத் தூக்கி ஓரமா வெச்சுட்டுப் போவே. உன்னை அனுப்பிட்டா யாரு பெஞ்சைத் தூக்குறது? அதான், சந்தேகமா இருந்த பந்தையெல்லாம் உன் பக்கமா எழுதினேன்."

ஓரின் புத்தகத்தின் மேலிருந்து கையை எடுத்தார்.

"ஐம்பதிலே நீ தேறிட்டே. அந்த ஆகஸ்ட்டிலே பனாமாத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து உக்காந்தார் பாரு."

ஓரினுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டெக்சாஸில் இருக்கிற பெரிய அணிகளுக்கு ஆள் பிடிக்கிறவர். பதினைந்து நாள் கூடவே சுற்றினார்.

"தினமும் ஆட்டம் முடிஞ்சு எங்கிட்டேதான் வந்து கணக்குக் கேப்பார். மூணு நாள் பாத்தேன். அந்த ஆளு கண்ணு உன் மேலேயே இருந்துச்சு. டெக்சாஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவார்னு பயம். அதான் பென்சிலை இந்தப் பக்கம் சாய்ச்சேன்."

"அவர் நம்ம அணி லெஸ்டரைக் கூட்டிக்கிட்டுப் போனார்!"

"ஆமா."

"நான் போயிருக்கணும்!"

"ஆமா."

"நான்... நான் அங்கே..." ஓரின் முகம் சிவந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், கொட்டகையில் நின்ற பிக்கப் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை. சாவியை எடுத்துவர மறந்துவிட்டார்.

கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டார். முழு வேகத்தில் கோபப்பட்டார். டெக்சாஸ், பெரிய மைதானம், இருபதாயிரம் ஜனம், ஒலிபெருக்கியில் தன் பெயர் எல்லாம் கண்ணில் ஓடின.

அப்புறம் லெஸ்டர் நினைவுக்கு வந்தான். டெக்சாஸில் வளைந்து வருகிற பந்தாகப் போட்டார்களாம். ஏழாவது வாரம் பஸ் ஏறிவிட்டான். இந்த ஊரில் இறங்க வெட்கப்பட்டு, முப்பது மைல் தள்ளி இறங்கி, அங்கேயே ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். ரொம்ப நாள் அவனை யாரும் பார்க்கவில்லை. வளைந்து வருகிற பந்தை லெஸ்டர் சுமாராக அடிப்பான். ஓரினுக்கு அது வளைகிறது என்பதே, பிடிக்கிறவன் கையில் அது விழுந்த பிறகுதான் தெரியும்.

வண்டியின் கண்ணாடி வழியே வீடு தெரிந்தது. சரி செய்த வலைக்கதவு தெரிந்தது. அந்த வருஷம் அக்டோபரில் கல்யாணம். மாமனார் கடனாகக் கொடுத்த கொட்டகையில் தீவனக் கடை. இரண்டு பெண்கள். மூத்தவள் ஒமாஹாவில் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. சின்னவள் அப்பாவைப் போலவே கழுத்தும் காதுமாக. டெக்சாஸில் இருபதாயிரம் பேர் கை தட்டியிருக்கலாம். ஆனால் ஒருத்தி உட்கார்ந்த பெஞ்சைத் தூக்கி வைத்ததை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் அந்த இருபதாயிரத்தில் யார்? தன்னைப் போகவும் விடாமல், துரத்தவும் விடாமல், ஒரு பெண் நாலு வருஷம் வெயிலில் உட்கார்ந்து பென்சிலால் கட்டி வைத்திருக்கிறாள். இந்த உலகத்தில் எத்தனை பேருக்கு இது கிடைத்திருக்கும்? சராசரி எவ்வளவு இருக்கும்? ஓரின் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரொம்பக் குறைவாகத்தான் வந்தது.

மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே வந்தார். வெல்மா மிச்சச் செர்ரியை எடுத்து வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, இன்னொரு கொண்டை ஊசியை எடுத்து, கொட்டையை நெம்ப ஆரம்பித்தார். சாறு சட்டையில் தெறித்தது.

"வெல்மா."

"ம்."

"டெக்சாஸ்லே ரொம்ப வெயிலாமே."

"அப்படித்தான் சொல்றாங்க."

"அந்த ஏழையும்... பிழைன்னே போட்டுரு. நல்லா அழுத்திப் போடு."

"அந்தப் பன்னிரண்டு?"

ஓரின் ஒரு செர்ரியை வாயில் போட்டுக்கொண்டார். "அது நீ ஆசையா எழுதினது. அதையும் இருந்தபடியே விட்டுரு. 268-தான் என் நம்பர்."

"பலகை?"

"பலகை போனாப் போகுது."

சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த செர்ரியைக் கொட்டையோடு விழுங்கிவிட்டார். வெல்மா அழிப்பான் எடுத்துப் பத்தொன்பது இடத்திலும் அழித்து, பழையபடி எழுதினாள். ஓரின் தூசியை ஊதிவிட்டார். அப்புறம் அவள் எல்லா ஆட்டக்காரர்களுடைய எண்ணையும் ஒரு சீட்டில் வரிசையாக எழுதி உறையில் போட்டு ஒட்டினாள். மற்றவர்கள் எண் என்ன என்று பார்க்க ஓரினுக்கு மனசில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஓரின் மேசையைத் தொடவே இல்லை. பெர்னிஸ் உறையைப் பிரிப்பதற்குள் எழுந்து நின்றார்.

"எண்ணைப் படிக்கிறதுக்கு முன்னாலே ஒண்ணு சொல்லிடறேன். என் சராசரி முன்னூறு இல்லே. 268. லீக் 271. நானே போட்ட விதியிலே நானே வெளியே. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். காது மட்டும் மெர்ல் பக்கம் திரும்பி, அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது.

மெர்ல் ஒன்றும் சொல்லவில்லை. பெர்னிஸ் சீட்டை மேலிருந்து கீழே படித்தார். ஒருத்தருக்கு 240. ஒருத்தருக்கு 233. லெஸ்டருக்கு 266. நாலு வருஷமும் லீக்கில் கடைசியாக வந்த அணி, வேறு எப்படி இருக்கும்? கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெர்ல், 272."

எல்லாத் தலையும் மெர்ல் பக்கம் திரும்பியது.

"விதிப்படி பலகையிலே ஒரே ஒரு பேருதான்" என்றார் பெர்னிஸ். "மெர்ல் மட்டும்."

ஓரின் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்த ஜென்மத்துக்கு முடி வெட்டிக்கொள்வதில்லை, தோள்வரை வளர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

மெர்ல் தொண்டையைச் செருமினார். "பெர்னிஸ், அந்த விதியைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்றேன்."

"உன் பேரு வந்துடுச்சே மெர்ல்?"

"அவ்வளவு பெரிய பலகையிலே நான் ஒருத்தன் தன்னந்தனியா நின்னு என்னம்மா பண்ணுவேன்? பக்கத்திலே ஓரின் பேரு இல்லேன்னா யாருகிட்டே சண்டை போடறது? எல்லார் பேரையும் போடுங்க. லெஸ்டர் பேரையும் போடுங்க. அவனைத் திறப்பு விழாவுக்கு வரச் சொல்லிக் கடுதாசி எழுதுங்க."

கை தூக்கச் சொன்னதும் முதலில் போனது ஓரினின் கைதான். இரண்டு கையும் போயிற்று. ஒருத்தருக்கு ஒரு ஓட்டுதான் என்று பெர்னிஸ் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஓரின் மெர்லிடம் போனார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்றுதான் போனார். "சனிக்கிழமை முடி வெட்டிக்க வரேன்டா" என்றுதான் வாயில் வந்தது.

"வா. காதைக் கொஞ்சம் விட்டு வைக்கறேன்" என்றார் மெர்ல்.

வாசலில் வெல்மா காத்திருந்தாள். வெயில் தாழ்ந்து, தெருவில் யாரோ புல் வெட்டுகிற வாசனை. ஓரின் அவள் கைப்பையை வாங்கித் தானே சுமந்துகொண்டு நடந்தார். பலகையில் தன் பெயர். பக்கத்தில் வெல்மா. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல், எதிரில் வந்த தபால்காரர் நாய்க்குக் கூடத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

ஆனாலும் உள்ளே ஒரு அரிப்பு. வளைவு திரும்பினதும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"வெல்மா, நிஜத்தைச் சொல்லு. மெர்லோட 272... அதிலேயும் உன் பென்சில் கொஞ்சம் விளையாடியிருக்குமே? பாவம்னு ஒரு பத்துப் பதினைஞ்சு அடி சேர்த்துப் போட்டிருப்பே, இல்லையா?"

"மெர்லுக்கா?" என்று வெல்மா நின்று அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அவன் இருந்தா எனக்கென்ன, போனா எனக்கென்ன? அவன் அடிச்சதை அடிச்சபடி எழுதினேன்."